திரெசகேயும் புனேயும்: கீழிறங்க இடமில்லாத லீக்

(சற்று நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசிக்கலாம்.)

சில நாள்களாக என் நண்பர்கள் வட்டத்தில் ஒரு பட்டியல் சுற்றிவருகிறது. இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் சீசனில், அதாவது 2014-இல், இங்கு வந்து ஆடிய வெளிநாட்டு நட்சத்திரங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவரும் அடித்த கோல்களை எதிரே குறித்து, ‘ஓய்வூதியத் திட்டம்’ என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். அதில் புனே அணிக்கு நேரே இருக்கும் பெயர் டேவிட் திரெசகே. 9 ஆட்டங்கள், 2 கோல்கள். எண்களில் பிழையில்லை. கேலிதான் ஆள்மாறிப் போய் விழுந்திருக்கிறது என்பது என் கருத்து. அந்த ஆட்டக்காரரின் வாழ்க்கையைச் சற்று விரித்துப் பார்த்தால், புனே அவருக்கு என்ன செய்தது, அவர் புனேக்கு என்ன செய்தார் என்ற கணக்கைவிட முக்கியமான வேறொன்று தெரிகிறது.

திரெசகே 1977 அக்டோபர் 15 அன்று பிரான்சின் ரூவான் நகரில் பிறந்தார். தந்தை அர்ஜென்டினாக்காரர், அந்நகரத்து அணியில் ஆட வந்த தொழில்முறைக் கால்பந்து வீரர். குடும்பம் விரைவிலேயே புவெனஸ் ஐரிஸ் திரும்பிவிட்டது. ஆகவே பிரான்சுக்காக 71 ஆட்டங்களில் 34 கோல்கள் அடித்த இம்மனிதர் வளர்ந்தது முழுக்க ஸ்பானிய மொழிச் சூழலில். 1995-இல் மொனாக்கோ அணிக்கு வந்தார். அங்கே தியரி ஆன்றியோடு சேர்ந்து ஆடினார். இரண்டு முறை பிரெஞ்சு லீக் பட்டம் வென்றார். 1998 உலகக்கோப்பையை வென்ற அணியில் இருபது வயதில் இடம்பெற்றார். மொழியியல் படித்தவர்களுக்கு வரும் பழக்கதோஷத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்: எகிப்து தேசிய அணியில் ‘திரெசகே’ என்ற பெயரில் ஒருவர் ஆடுகிறார். அவருடைய உண்மைப் பெயர் மஹ்மூத் ஹசன். சாயல் ஒத்திருந்ததால் சிறுவயதில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர், இப்போது சட்டையின் முதுகில் அச்சாகியிருக்கிறது. ஒரு குடும்பப்பெயர் இப்படி எந்த உறவுமில்லாமல் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் போய்ச் சேர்கிறது.

அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதை ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு விளக்குவது கடினம். ஓட்டத்தால் பெயர் பெற்றவர் அல்லர்; எதிரிகள் நால்வரை ஏமாற்றிப் பந்தைக் கடத்திச் செல்பவரும் அல்லர். எண்பது நிமிடங்கள் அவர் மைதானத்தில் இருக்கிறார் என்பதே நினைவிருக்காது. எண்பத்தொன்றாவது நிமிடத்தில் பந்து எங்கே விழுமோ அங்கே நிற்பார். 2000 ஜூலை 2 அன்று ரோட்டர்டாமில் நடந்த யூரோ கோப்பை இறுதியாட்டம் இதற்குச் சரியான சான்று. இத்தாலி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், கூடுதல் நிமிடங்களில், வில்டோர் சமன் செய்தார். அக்காலத்தில் ‘தங்க கோல்’ விதி இருந்தது: நீட்டிப்பு நேரத்தில் முதல் கோல் விழுந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடும். 103-ஆவது நிமிடத்தில் ரோபர் பிரெஸ் இடப்பக்கமாக உள்ளே புகுந்து பந்தைப் பின்னோக்கித் தள்ளினார். ஓடிவந்த திரெசகே அதை இடக்காலால் காற்றிலேயே அடித்து வலையின் கூரையில் செருகினார். அத்துடன் எல்லாம் முடிந்தது. இத்தாலியர்களுக்கு நடுவட்டத்திலிருந்து பந்தை மீண்டும் தொடங்கக்கூட வாய்ப்பில்லை.

அதே கோடையில் அவர் இத்தாலிக்கே ஆடப்போனார், யுவென்டஸ் அணிக்கு. பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார். 320 ஆட்டங்கள், 171 கோல்கள். 2001-02 சீசனில் 24 கோல்களோடு இத்தாலிய லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். இந்த எண்களைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. ஏனென்றால் அவருடைய வாழ்க்கையை உலகம் 2006 ஜூலை 9, பெர்லின் என்ற ஒற்றைக் குறிப்பில் அடக்கிவிட்டது. உலகக்கோப்பை இறுதி, மறுபடியும் இத்தாலி. ஸிடான் தலையால் முட்டி வெளியேறிய அந்த இரவு. பெனால்டிகளில் இரண்டு அணிகளிலும் உதைத்தவர்களில் தவறவிட்டவர் ஒரே ஒருவர்தான். திரெசகேயின் பந்து குறுக்குக் கம்பத்தில் மோதி, கீழே விழுந்து, கோட்டைத் தாண்டாமல் வெளியே துள்ளியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே எதிரியைத் தனி ஆளாக முடித்துவைத்தவர், இப்போது தன் நாட்டின் தோல்விக்குத் தனி ஆளாகப் பொறுப்பாக்கப்பட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்தைய வாரங்கள். இறுதியாட்டம் முடிந்து ஐந்தே நாள்களில், ஜூலை 14 அன்று, இத்தாலியில் நடுவர் நியமன முறைகேடு வழக்கின் முதல் தீர்ப்பு வந்தது. யுவென்டஸ் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. மேல்முறையீடுகளுக்குப் பிறகும் இறக்கம் நிலைத்தது. இறுதியில் 9 புள்ளிகள் கழிக்கப்பட்டன. கப்பல் மூழ்குகிறது என்று தெரிந்ததும் பலர் இறங்கிக்கொண்டார்கள். கன்னவாரோ ரியல் மட்ரிட்டுக்குப் போனார்; துராமும் ஸம்ப்ரோட்டாவும் பார்சிலோனாவுக்கு; இப்ராஹிமோவிச்சும் வியெராவும் இன்டர் மிலானுக்கு. தங்கியவர்கள் சிலர்: புஃபோன், டெல் பியெரோ, கமொரனேசி, நெட்வெட், திரெசகே. இந்தப் பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். முதல் மூவரும் பெர்லினில் கோப்பையைத் தூக்கிய இத்தாலியர்கள். தன் பெனால்டி கம்பத்தில் மோதியதால் உலகச் சாம்பியன்களானவர்களோடு ஒரே உடைமாற்றும் அறையில் அமர்ந்து, ரிமினி, குரொத்தோனே, அல்பினோலெஃபே போன்ற சிறிய அணிகளை எதிர்த்து அவர் ஓர் ஆண்டு ஆடினார். இரண்டாம் பிரிவில் 15 கோல்கள் அடித்தார். அணி மேலேறியது. அடுத்த ஆண்டு முதல் பிரிவில் 20 கோல்கள்.

அவரைத் தியாகியாக்கும் எண்ணம் எனக்கில்லை. நல்ல ஊதியம் பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர் அவர். ஆனால் இது ஒருமுறை நடந்த தற்செயல் என்றும் சொல்லிவிட முடியாது. 2011 ஜூனில் புவெனஸ் ஐரிஸின் ரிவர் பிளேட் அணி, தன் நூற்றுப் பத்தாண்டு வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் பிரிவுக்கு விழுந்தது. அரங்கமே கலவரக் காடானது. ஸ்பெயினிலும் பிறகு வளைகுடாவிலும் சிறிது காலம் ஆடிய திரெசகே அந்த ஆண்டு முடிவில் ரிவரில் சேர்ந்தார். வயது முப்பத்து நான்கு. 13 கோல்கள் அடித்தார். 2012 ஜூன் 23 அன்று, சீசனின் கடைசி ஆட்டத்தில், அல்மிரான்தே பிரவுன் அணிக்கெதிராக ரிவர் அடித்த இரண்டு கோல்களும் அவருடையவை. அணி முதல் பிரிவுக்குத் திரும்பியது. மூன்றே ஆண்டுகளில், 2015-இல், தென்னமெரிக்காவின் சாம்பியனாகவும் ஆனது.

ஆக, உலகக்கோப்பையும் யூரோவும் வென்ற ஒருவர், வீழ்ந்த இரண்டு பெரிய கிளப்புகளை இரண்டாம் பிரிவிலிருந்து தூக்கி நிறுத்துவதில் பங்கேற்றிருக்கிறார். இவ்வளவுக்கும் பிறகு, 2014-இல், அவர் வந்த ஊர் புனே.

அந்த முதல் சீசனைத் திரும்பிப் பார்த்தால் இப்போது கனவு போலிருக்கிறது. ரோட்டர்டாமில் பந்தைக் கொடுத்த பிரெஸ், கோவாவில். யுவென்டஸில் திரெசகேயோடு இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய டெல் பியெரோ, டெல்லியில். பெர்லினில் ஸிடானிடம் முட்டுவாங்கிய மத்தேராஸி, நம் சென்னையின் எஃப்சியில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும். அதே சென்னை அணியில் பிரான்சின் சில்வெஸ்திரும் பெர்னார் மென்டியும். புனே தன் முதல் ஆட்டத்தை டெல்லியில் டெல் பியெரோவின் அணியோடு கோலின்றிச் சமன் செய்தது. சொந்த மண்ணான பாலேவாடியில், பிரெஸ்ஸின் கோவாவை 2-0 என வென்றது. அதில் ஒரு கோல் திரெசகேயுடையது. பிறகு கேரளத்திடம் தோற்ற ஆட்டத்தில் இன்னொன்று. எட்டு அணிகளில் ஆறாமிடம். மொத்தத் தொடரும் இரண்டு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். 2015 ஜனவரியில் அவர் ஓய்வை அறிவித்தார்.

இரண்டு மாதத் தொடருக்கு முப்பத்தேழு வயதில் அழைத்து வரப்பட்டவரிடம் நாம் வேறென்ன எதிர்பார்த்தோம்? நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவரை வைத்திருப்பது அந்த லீக்கின் வடிவமைப்பிலேயே இருந்தது. விளம்பரப் பலகைக்கு ஒரு முகம் தேவை, முகத்தைக் கொடுத்தார்கள். முகம் கோலும் அடித்தது. இதில் ஏமாற்று என்று ஒன்று இருந்தால் அது அவருடையது அல்ல.

ஏமாற்று எங்கே என்று தேட நான் வசிக்கும் கேம்ப் பகுதியிலிருந்தே தொடங்கலாம். கேம்ப் என்பது பழைய பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பு. மகாத்மா காந்தி சாலையை ஒட்டி ‘ஃபேஷன் ஸ்ட்ரீட்’ என்ற துணிச்சந்து இருக்கிறது. அங்கே மெஸ்ஸியின் இளநீலமும் வெள்ளையும் கிடைக்கும், ரியல் மட்ரிட் கிடைக்கும், மான்செஸ்டரின் இரண்டு நிறங்களும் கிடைக்கும். புனேயின் ஆரஞ்சுச் சட்டையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், 2014-இல் பாலேவாடிக்குப் போய் ஆட்டம் பார்த்தவர். கேம்பிலிருந்து பாலேவாடி ஊரின் மறுகோடி. வாரநாளின் மாலைநேர நெரிசலில் அங்கே போவதற்கே ஒரு பற்று வேண்டும். திரெசகேயைப் பற்றிக் கேட்டேன். “அந்த ஆளு ஓடவே மாட்டாரு தம்பி. ஆனா பந்து அவரு இருக்கிற எடத்துக்குத்தான் வரும்” என்றார். அவரைப் பற்றி வாசித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. இப்போது எந்த அணியைப் பின்தொடர்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன். “மான்செஸ்டர் யுனைடெட்” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவர் பின்தொடர உள்ளூரில் எதுவும் மிஞ்சவில்லை. 2014-15-இல் புனேக்கு நாட்டின் மேல்மட்டப் போட்டிகளில் ஒன்றல்ல, மூன்று அணிகள் இருந்தன என்றால் இன்றைய மாணவர்கள் நம்புவதில்லை. முதலாவது புனே எஃப்சி. 2007-இல் தொடங்கி, ஐ-லீக்கின் இரண்டாம் பிரிவில் ஆடி, அங்கிருந்து 2009-இல் மேலேறி, 2012-13-இல் இரண்டாமிடம் பிடித்த அணி. அதன் இளையோர் பயிற்சிப்பள்ளி நாட்டின் சிறந்தவற்றுள் ஒன்றாகப் பேசப்பட்டது. இரண்டாவது, கல்யாணி குழுமம் தொடங்கிய பாரத் எஃப்சி. இது நேரடியாக ஐ-லீக்குக்குள் அனுமதிக்கப்பட்டது. மூன்றாவது, சூப்பர் லீக்கில் திரெசகே ஆடிய எஃப்சி புனே சிட்டி. அடுத்த ஐ-லீக் தொடங்கும்போது முதல் இரண்டும் இல்லை. 2019-இல் மூன்றாவதும் இல்லை. உரிமையாளர்களின் நிதி நெருக்கடியில் அது கலைக்கப்பட்டு, லீக்கில் அதன் இடம் புதிய உரிமையாளர்களோடு ஹைதராபாத்துக்குப் போனது. அந்த ஹைதராபாத் அணி 2022-இல் பட்டமும் வென்றது. பிறகு 2025-இல் அதே இடம் மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு டெல்லிக்குப் போய்விட்டது.

பாரத் எஃப்சியின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. 2014-15 ஐ-லீக்கில் அது கடைசி இடம் பிடித்தது. ஆனால் நேரடி அனுமதி பெற்ற நிறுவன அணி என்பதால் அதற்குக் கீழிறக்கத்திலிருந்து விலக்கு இருந்தது. எனவே அதற்கு மேலே முடித்த அணி இறக்கப்பட்டது. அந்த அணி, ஐந்து முறை தேசியச் சாம்பியனான கோவாவின் டெம்போ. விலக்குப் பெற்ற அணி சில மாதங்களில் கடையை மூடியது. தண்டனை பெற்ற டெம்போ இரண்டாம் பிரிவில் ஆடி, மறு ஆண்டே அதை வென்றது. பின்னர் கூட்டமைப்பின் திட்டங்களை எதிர்த்து மற்ற கோவா அணிகளோடு சேர்ந்து தேசிய லீக்கிலிருந்து விலகியது. கோவா மாநில லீக்கில் தொடர்ந்து ஆடியது. பல ஆண்டுகள் கழித்துக் கீழ்ப்பிரிவிலிருந்து மறுபடி ஏறி, 2024-25-இல் ஐ-லீக்குக்குத் திரும்பியது. காப்பாற்றப்பட்டது செத்தது, வீழ்த்தப்பட்டது இருக்கிறது.

‘ரெலிகேஷன்’ என்ற சொல்லை நம் நாளிதழ்கள் சில நேரம் ‘தரமிறக்கம்’ என்று எழுதுகின்றன. எனக்கு அச்சொல்லில் மனத்தடை உண்டு. அது அதிகாரிக்குக் கொடுக்கப்படும் தண்டனை போல் ஒலிக்கிறது. தரமே போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்கிறது. மூலச்சொல்லின் வரலாறு வேறு. உரோமச் சட்டத்தில் ‘ரெலிகாத்தியோ’ என்பது நாடுகடத்தலின் மென்மையான வடிவம். முழு நாடுகடத்தலில் ஒருவன் குடியுரிமையை இழப்பான், உடைமையை இழப்பான். ரெலிகாத்தியோவில் அவன் தொலைவுக்கு அனுப்பப்படுவான், ஆனால் குடிமகனாகவே இருப்பான். கருங்கடல் ஓரத்துக்கு அனுப்பப்பட்ட கவிஞர் ஓவிட், தான் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவன் என்பதை வலியுறுத்தத் தவறவில்லை. கால்பந்தில் இச்சொல் அந்தப் பொருளைத் தெரிந்தோ தெரியாமலோ காப்பாற்றி வைத்திருக்கிறது. கீழே அனுப்பப்பட்ட கிளப் தன் பெயரை, நிறத்தை, மைதானத்தை, ரசிகர்களை வைத்துக்கொள்கிறது. ‘பிரிவிறக்கம்’ என்று வெறுமனே சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

2006-இல் யுவென்டஸ் விழுந்தபோது விழுவதற்கு ஓர் இடம் இருந்தது. 2011-இல் ரிவர் விழுந்தபோதும் இருந்தது. அவமானம்தான், வருமான இழப்புதான், தெருவில் கண்ணீர்தான். ஆனால் அடுத்த வாரம் ரிமினியில் ஓர் ஆட்டம் இருக்கிறது, போய் ஆட வேண்டும். ஒரு திரெசகே தங்குவதா போவதா என்று முடிவெடுக்கவே, தங்குவதற்கு ஓர் அணி இருக்க வேண்டுமல்லவா? 2019-இல் புனே சிட்டியின் இளம் ஆட்டக்காரன் ஒருவன் தங்க விரும்பியிருந்தால் எங்கே தங்கியிருப்பான்? இரண்டாம் பிரிவு புனே சிட்டி என்று ஒன்று கிடையாது. சூப்பர் லீக்கில் 2024-25 வரை எந்த அணியும் ஆட்டத்தில் தோற்றதற்காகக் கீழே போனதில்லை. போனவை எல்லாம் கணக்குப் புத்தகத்தில் தோற்றவை. அவை கீழே போகவில்லை, காணாமல் போயின.

எதிர்வாதங்களை நான் அறியாமலில்லை. முதலாவது முதலீடு. கடைசி இடம் வந்தால் கீழே போக வேண்டும் என்றால் எந்தச் செல்வந்தர் கோடிகளைக் கொட்டுவார் என்று கேட்கிறார்கள். 2014-இல் இந்தக் கேள்விக்கு ஓரளவு நியாயம் இருந்தது என்றே கொள்வோம். இங்கே சந்தையே இல்லாத ஆட்டம், யாராவது முதலில் துணிய வேண்டும். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் கொடுத்தது யாரைப் பாதுகாத்தது? புனேயின் உரிமையாளர்கள் லீக் அட்டவணையில் விழும் அபாயத்திலிருந்து காப்பாற்றப்பட்டார்கள். புனே நகரம் அணியை இழக்கும் அபாயத்திலிருந்து காப்பாற்றப்படவில்லை. இரண்டாவது, அமெரிக்காவைப் பாருங்கள் என்பது. அங்கே மூடிய லீக்குகள்தாம், அணிகள் ஊர்விட்டு ஊர் போகின்றன, 2008-இல் சியாட்டிலின் கூடைப்பந்து அணி ஓக்லஹோமாவுக்குப் போனது, வானம் இடிந்து விழவில்லை என்பார்கள். சியாட்டில்காரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். தவிர, அங்கே தொழில்முறை அணி போனாலும் பல்கலைக்கழக அணிகள் ஊரின் பற்றைத் தாங்கிக்கொள்ளும். நமக்கு அப்படியொரு அடுக்கு இல்லை.

மூன்றாவதுதான் வலுவானது: இரண்டாம் பிரிவு இருந்தால் மட்டும் அணி பிழைத்துவிடுமா? பிழைக்காது. கோவையில் ஆடி 2019-இல் ஐ-லீக் பட்டமே வென்ற சென்னை சிட்டி, சில ஆண்டுகளில் தேசிய லீக்கிலிருந்தே மறைந்துவிட்டது. அந்த அணிக்கும் ஐ-லீக்கில் நேரடி அனுமதிதான் கிடைத்திருந்தது என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அதைக் காரணமாகக் காட்டித் தப்பிக்க நான் விரும்பவில்லை. பணம், மைதானம், உள்ளூர் லீக், உறுப்பினர்கள், இவை எல்லாம் வேண்டும். டெம்போவுக்குப் பின்னால் தலைமுறைகளாகக் கால்பந்தை விடாத ஒரு சமூகம் இருக்கிறது. நான் சொல்வது இவ்வளவே: கீழே இறங்கும் வழி இல்லாத இடத்தில் இவை எவையும் வேர்விட நேரம் கிடைப்பதில்லை. புனே எஃப்சி உண்மையில் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த அணி, வேர் இருந்தது. 2014-இல் அதன் தலைக்கு மேல் இன்னொரு மாடியைக் கட்டினார்கள், படிக்கட்டு வைக்கவில்லை. நேற்றுவரை நாட்டின் முதல் பிரிவில் ஆடிய அணி, ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் இரண்டாம்தர அணியாகிவிட்டது. அதன் உரிமையாளர்கள் விலகியதில் எனக்கு வருத்தம் உண்டு, வியப்பில்லை. மேலேறும் கதவு பிற்காலத்தில், 2023-இல், பஞ்சாப் எஃப்சிக்குத் திறந்தது. புனேக்கு அது காலம் கடந்த செய்தி.

திரெசகே கதையில் என்னை உறுத்தும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். அவர் தங்கிய இரண்டு கிளப்புகளும் மாபெரும் கிளப்புகள். யுவென்டஸ் எப்படியும் மேலேறும் என்று எல்லாருக்கும் தெரியும். சிறிய ஊரின் சிறிய அணி விழும்போது எந்த உலகச் சாம்பியனும் தங்குவதில்லை. அவரே ஆடிய ஸ்பெயினின் எர்குலெஸ் 2011-இல் கீழே போனது. 12 கோல்கள் அடித்திருந்த அவர் அங்கே தொடரவில்லை. ஆகவே பற்று, விசுவாசம் என்ற சொற்களை அவர்மேல் அதிகமாக ஏற்றாமல் இருப்பதே நல்லது. ஆனால் எர்குலெஸ் இன்னும் அலிகாந்தே நகரில், கீழ்ப்பிரிவுகளில், ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. திரெசகே போன பிறகும்.

ஊர் தன் அணியைத் திரும்ப எடுத்துக்கொண்ட சான்று ஒன்றையும் பார்க்கலாம். தென்மேற்கு லண்டனின் விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோக 2002-இல் அனுமதி கிடைத்தது. புனேக்கு நடந்ததுதான். ரசிகர்கள் அதே ஆண்டு புதிய அணியொன்றைத் தாங்களே தொடங்கினார்கள். ஒன்பதாம் அடுக்கில், உள்ளூர் லீக்கில். ஒன்பது ஆண்டுகளில், 2011-இல், அது தேசியத் தொழில்முறை லீக்குக்கு ஏறிவிட்டது. இடம்பெயர்ந்த கிளப் வென்றெடுத்த பழைய கோப்பைகள் 2007-இல் விம்பிள்டன் அமைந்துள்ள மெர்ட்டன் மாநகரப் பகுதியிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்த ரசிகர்கள் நம்மைவிடப் பற்று மிகுந்தவர்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களுக்கு ஒன்பதாம் அடுக்கு என்று ஒன்று இருந்தது. அதிலிருந்து மேலே போகும் வழி ஒவ்வொரு படியிலும் திறந்திருந்தது.

புனேயிலும் மாவட்ட லீக் நடக்கிறது. கேம்பிலும் கட்கியிலும் பழைய கிளப்புகள் ஆடுகின்றன, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் யாரும் டிக்கெட் வாங்காத மைதானங்களில். அங்கிருந்து மேலே எத்தனை படிகள், ஒவ்வொரு படியிலும் எத்தனை இடங்கள் என்பதைக் கூட்டமைப்பு ஒரே தாளில் எழுதி வெளியிட்டாலே பாதி வேலை முடிந்தது. மறுபாதி, உரிமம் வழங்கும்போது சேர்க்க வேண்டிய ஒரு நிபந்தனை: உரிமையாளர் ஊரைவிட்டுப் போகலாம், ஆனால் அணியின் பெயர், நிறம், ஆட்டப் பதிவுகள், இளையோர் அணிகள் ஆகியவற்றை மாவட்டக் கால்பந்துச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டே போக வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய இடத்தை வேண்டுமானால் அவர் டெல்லிக்கு எடுத்துச் செல்லட்டும். பதினான்கு வயதுப் பையன்களின் அணியை எடுத்துச் செல்ல அவருக்கு என்ன தேவை?